பச்சைப் புள்ளியும் தண்ணீர் முறையும்

ஆட்களை நேரில் பார்க்காமலே வேலை வாங்குவது என் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் இருந்தால் வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

புகைக்குத் தப்பிய நேர்காணல்

சென்னை வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கட்டட வரைபடம் போட்டுத் தரும் தொழிலை ஆரம்பித்தேன். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று ஒரு மாதம் சோதனையாகப் பார்ப்பதாகச் சொன்னது. தேறினால் ஒரு வருட ஒப்பந்தம். தேறாவிட்டால் பழைய மேனேஜரிடமே போய்ப் பல்லை இளிக்க வேண்டும்.

ஆள் தேடினேன். திருத்துறைப்பூண்டி செந்தில் அனுப்பிய மாதிரி வரைபடத்தில் ஒரு கோடு பிசகவில்லை. ஆனால் வீடியோவில் வந்தால், மனிதர் வரப்பில் நிற்கிறார்! நேர்காணலுக்கு இதுதான் இடமா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "வீட்ல நெல்லு அவிக்கிறாங்க மேடம். உள்ள ஒக்காந்தா என் மூஞ்சி தெரியாது, புகைதான் தெரியும்" என்றார்.

பச்சைப் புள்ளி

அடுத்து ஒரத்தநாடு வசந்தி. இருவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டேன்: காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி பெயருக்குப் பக்கத்தில் எரிய வேண்டும். அணைந்தால் உடனே போன் போடுவேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன வசந்தியைக்கூட விடவில்லை. என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும், அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறுகூட இறங்காது.

ஒருநாள் வசந்தியின் புள்ளி காலையிலிருந்து மாலை வரை பச்சை. வேலை பாதிகூட முடியவில்லை. காரணம் கேட்டேன். "பச்சை அணையாம பாத்துக்கவே நேரம் சரியாப் போச்சு மேடம்" என்றார்.

புதன்கிழமை

மாதத்தின் கடைசி வேலை, ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடங்கள். புதன் பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தம் கிடையாது. செந்தில் பங்கு எட்டு ஷீட். அன்றைக்குப் பார்த்து அவர் புள்ளி அணைந்தே கிடந்தது. போன் அடித்தது, எடுக்கவில்லை. கண்டபடி திட்டிக்கொண்டே வசந்தியை அழைத்தேன்.

"அவரு வயலுக்கு இன்னைக்குத் தண்ணி முறை மேடம். வாய்க்கால் கடைசியில இருக்குற கடைமடை, இன்னைக்கு விட்டா திரும்ப எப்ப தண்ணி வருமோ. அவரு ஷீட்ட நான் வாங்கிக்கிட்டேன். என் நாளைய வேலைய அவரு பாப்பாரு" என்றார்.

எட்டில் ஆறு முடிந்துவிட்டதாம். செந்தில் எது வரை செய்திருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாய்க்கால் தண்ணீரை அடுத்தவருக்குத் திருப்பிவிடும்போது, எது வரை பாய்ந்தது என்று சொல்லிவிட்டுத்தானே போவார்கள். அதே போல ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் செந்தில் எழுதிவைத்திருந்தாராம். நான் மேலும் கேட்கப் போக, "மேடம், நீங்க போன வச்சீங்கன்னா மீதி ரெண்டையும் முடிச்சிடுவேன்" என்றார்.

மறந்துபோன குறிப்பு

பதினொன்று நாற்பதுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரு மணிக்கு சிங்கப்பூர் மேனேஜர் அழைத்தார். ஒரு ஷீட்டில் ஓரக் குறிப்பை அழிக்க மறந்திருக்கிறோம்: "மாடிப்படி வரைக்கும் பாஞ்சாச்சு. கழிவறை பாக்கி." ஒழிந்தது ஒப்பந்தம் என்று நினைத்தேன். நல்லவேளை, அவரும் தமிழர். "எங்க ஆபீஸ்ல பக்கத்துச் சீட்டுக்காரன்கூட இவ்வளவு விவரமா ஒப்படைச்சுட்டுப் போக மாட்டான். ஒரு வருஷத்துக்குப் போட்டுக்கலாம்ங்க" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் செந்தில் கூப்பிட்டார். வயல் முழுக்கப் பாய்ந்துவிட்டதாம், குரலே குளிர்ந்திருந்தது. சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "முறை மாத்திக்கிறப்ப பக்கத்து வயல்காரங்ககிட்டதான் மேடம் சொல்லுவோம், கலெக்டர்கிட்டயா போய்ச் சொல்லுவோம்?" என்றார்.

நல்ல ஆட்களை எடுத்துவிட்டால் பிறகு அவர்களுக்குக் குறுக்கே போகாமல் இருப்பது ஒன்றுதான் என் வேலை, எங்கள் மூவரில் வேலையில் இன்னும் தேறாத ஆளும் நான் ஒருத்திதான்.