சுவிட்சில் பூசிய சந்தனம்

அரைத்த சந்தனம் காய்கிற வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவுக்கு வரும், கல்யாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு வருவது ஒரு கம்ப்யூட்டர். 'டிக்' என்று உயிர்பெற்று, உள்ளே காற்றாடி 'விர்ர்' என்று சுற்றத் தொடங்கி, நாலு எண்ணுவதற்குள் மூச்சு நின்றதுபோல் அணைந்துபோன கம்ப்யூட்டர். இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சங்கரன்கோவில் ரதவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே அடித்துக் கொடுத்தார்கள். கடைக்கு ஒரு பெயர் உண்டென்றாலும் ஊரில் எல்லாருக்கும் அது 'கம்ப்யூட்டர் கடை'தான். மொத்தமே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கோத்தவள் என் அக்கா கோமதி. பன்னிரண்டாவது முடித்து, டைப்பும் படித்து, இருபது வயதில் அந்த நாற்காலிக்கு வந்தவள். அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை மட்டும் இல்லை. "வேல இருக்கவரைக்கும் உன் கல்யாணப் பேச்ச எடுக்கமாட்டேன். வேலய விட்டுட்டு வீட்டுல வந்து இருந்தியோ, மறுநாளே மாப்பிள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அந்த நாற்காலியை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆறாவதுக்குப் போன பெரிய பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் 'உள்ளேன் ஐயா' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். என் பெயர் வரும்போதெல்லாம் குனிந்து பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். வகுப்பில் இருந்துகொண்டே வராதவனாகப் பதிவாகி, பதிவாகி, ஒருநாள் நிஜமாகவே போகாமல் நின்றுவிட்டேன். அதன்பிறகு படித்ததெல்லாம் அக்கா வீட்டுக்குக் கொண்டுவரும் பிழையான பத்திரிகைத் தாள்களில்தான். இந்தக் கட்டுரையை எழுதுகிற தமிழும் அங்கே கிடைத்ததுதான்.

தினமும் மத்தியானம் அக்காவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவேன். அந்த ஆயுத பூசை அன்றைக்கும் கடையில்தான் நின்றேன், கை நிறையப் பொரியோடு. முதலாளி ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, கடையில் இருந்த மேசை, கத்தரிக்கோல், பேப்பர் வெட்டுகிற கத்தி என்று ஒன்றையும் விடாமல் பூசிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்கு உள்ள ஈரம் போவக்கூடாது. மேல மட்டும் வையுங்க" என்றாள் அக்கா.

"தொழில் பண்ணுத சாமானுக்குப் பொட்டு வைக்காம, பக்கத்து வீட்டு ஆட்டுக்கா வைக்கச் சொல்லுத?" என்று முதலாளி சிரித்தார்.

பெட்டியின் முகப்பில், நெற்றி மாதிரிச் சரியான இடத்தில், வட்டமாக ஒரு சுவிட்ச் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க இதைவிட வாகான இடம் இல்லையென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெருவிரலால் ஒரு அப்பு அப்பினார். சந்தனம் பிதுங்கிச் சுவிட்சின் சுற்றுப்பள்ளத்தில் இறங்கியது. மேலே குங்குமம் வைத்தார். இரண்டடி தூரத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் பத்திரிகை அடிக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பழைய பிழைத்தாள் வாங்கப் போய் வாசலோரம் நின்றேன். அக்கா சாமி கும்பிட்டு சுவிட்சை அமுக்கினாள். 'டிக்', 'விர்ர்', அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் நாலு எண்ணுவதற்குள் அணைந்தது. முதலாளி பிளக்கைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினார். அதே துளையில் மேசை விளக்கைப் போட்டுப் பார்த்தார், விளக்கு நன்றாக எரிந்தது. திரைப்பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். பக்கத்துக் கடைக்காரர் வந்து "கரண்டு கம்மி" என்றார். இன்னொருவர் "வைரஸா இருக்கும் வே" என்றதும், பெண்ணின் அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு அவர் மெதுவாக எழுந்து, "மொத காரியமே தடங்கலாவுது, நாங்க வேற இடம் பாத்துக்கிடுதோம்" என்று குடும்பத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

தெரு பார்க்க அவமானப்பட்டுவிட்ட முதலாளிக்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

அக்காவோ அதற்குள் நோயைக் கண்டுபிடித்திருந்தாள். "அண்ணாச்சி, சுவிட்சு உள்ள போனா வெளிய வரமாட்டேங்கு. நகத்த வச்சு நெம்பவேண்டியிருக்கு. அமுங்கியே கெடந்தா மெசின் தானா அணைஞ்சிரும். சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டு."

"சாமிக்கு வச்ச சந்தனத்தயாட்டி கொற சொல்லுத? உன் கை பட்டுத்தான் இது படுத்துட்டு. நேத்து போகும்போது என்னத்த நோண்டிட்டுப் போன?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, பூச வைக்கும்போது நீ இங்கனதான நின்ன? அண்ணாச்சி சுவிட்சுல அப்புனதப் பாத்தேல்லா? சொல்லுடா."

"பாத்தியாலே?" என்றார் முதலாளி.

'ஆமா' என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. கடையில் இருந்த அத்தனை கண்ணும் என்மேல் இருந்தன. நான் குனிந்து, தரையில் முந்தின நாள் சிந்திக் கிடந்த பொரியைக் கால் விரலால் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"பாரு, உன் தம்பியே வாயத் தொறக்கல" என்றார் அவர். "நீ நாளையிலேருந்து வராண்டாம்."

வீடு வரும்வரை அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். முந்தின நாள் நான் கொண்டுபோன தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். நாலாம் நாள் அதை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் பழுது பார்க்க வந்திருந்தார், சவுதியில் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். நான் வாசலில் நின்று பார்த்தேன். பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். காற்றாடியை விரலால் சுற்றினார். உள்ளே இருந்த ஒரு பட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். கரண்டு கொடுக்கிற டப்பாவையே மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே நாலு எண்ணிக்கைதான். கடைசியில் சுவிட்சிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு கம்பிகளையும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டு எடுத்தார். கம்ப்யூட்டர் எழுந்தது. நாலு போயிற்று, பத்து போயிற்று, அணையவே இல்லை.

பாய் முகப்பைத் திருப்பி, ஊக்கு முனையால் சுவிட்சைச் சுற்றிச் சுரண்டினார். மஞ்சள் மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. "மெசினுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சுவிட்சு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

முதலாளி உதிர்ந்த பொருக்கைத் துண்டால் தட்டிவிட்டார். பிறகு, "சரி வே, இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீரும்" என்றார். அக்காவின் நாற்காலியில் அவர் மச்சினன் மகன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "என்னலே பாக்க? தூக்குச்சட்டிய எடுத்துட்டு ஓடு" என்றார்.

ஓடினேன். என் வாழ்க்கையிலேயே நான் அதிகமாகப் பேசியது அன்றைக்கு அப்பாவிடம்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "மெசினுக்கு என்ன நோயா இருந்தா நமக்கென்ன? ஊருக்குப் பத்திரிக அடிச்சவளுக்கு ஒரு பத்திரிக அடிச்சிருவோம்" என்றார். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அந்தப் பத்திரிகையும் அதே கடையில், அதே கம்ப்யூட்டரில்தான் அடித்தார்கள். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். அப்பியது யார் பெருவிரல் என்று ஒருவரும் கேட்கவில்லை. கெட்ட பெயர் மட்டும் ஒழுங்காக டைப் அடித்த பத்து விரல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. காரணத்தைச் சரியாகச் சொன்னவள் வீட்டுக்குப் போனாள், காரணமானவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பார்த்த நானோ பொரியை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே செல்போனுக்கு உறை விற்கிறார்கள். விசிறிச் சத்தம் போடும் அந்தப் பெட்டிகள் போய்விட்டன. பத்திரிகையே போனில் வந்துவிடுகிறது. போகாமல் இருந்தது அந்தக் கெட்ட பெயர் மட்டும். போன மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் என்பதால் மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான் நின்றேன், பக்கத்தில் அக்கா. அக்காவின் பழைய முதலாளி கம்பு ஊன்றி வந்தார். மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "இந்தக் கோமதி கை வச்சாப் போதும், ஓடுத கம்ப்யூட்டரும் நின்னுரும். என் கடையிலயே பாத்தவனாக்கும்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், பழகிப்போன சிரிப்பு. சிரித்துக்கொண்டே முதலாளி சந்தனத்தில் பெருவிரலை விட்டார்.

"பாத்து அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே வேற்றாளுடையதுபோல் இருந்தது. "அன்னைக்கு சுவிட்சுல அப்புன மாதிரி அப்பிராதிய. அதச் சொரண்டி எடுக்க கடையநல்லூர்லேருந்து ஆள் வரவேண்டியதாப் போச்சு. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

சிரிப்பு நின்றது. முதலாளியின் விரல் கிண்ணத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பொட்டு வைக்காமலே உள்ளே போனார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லாடா" என்றாள். அடுத்து வந்தவர்களுக்குக் கிண்ணத்தை நீட்டினேன்.