போகியன்று காலி செய்த கணிப்பொறி

அந்த மார்கழி முழுவதும் எங்கள் வீட்டுக் கணிப்பொறி ஒரே செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: வட்டில் இடம் போதவில்லை. ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து சேமிக்க முயன்றால் திரையில் மணற்கடிகாரம் தோன்றும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் திருத்தத்தில் இருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் அதை நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். திருத்திய பக்கங்களை நான் அச்சிட்டு வைத்திருக்கவில்லை. இருந்த ஒரே படி அந்த இயந்திரத்துக்குள் இருந்தது.

எங்கள் வீடு செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் இருந்தது. மாடியறையை ஆசிரமத்துக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். மின்னஞ்சல் பார்க்க வேண்டுமென்று இறங்கி வருபவர்களை அம்மா மறுத்ததில்லை. அவர்கள் ஊர் திரும்பிய பின்னும், அவர்கள் பார்த்த பக்கங்களும் படங்களும் இயந்திரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன.

சென்னையில் வேலை பார்த்த அண்ணன் பொங்கலுக்கு வந்திருந்தான். போகியன்று காலை அம்மா பழைய பாய், உடைந்த முறம், நிறம் போன திரைச்சீலை எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பியிருந்தார். எங்கள் வீட்டில் எதையும் உடனே வெளியே போடுவதில்லை. உரியவர் வந்து பார்த்து வேண்டாம் என்று சொன்ன பிறகு, மாலையில்தான் அது வாசலைத் தாண்டும்.

“அந்தக் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் பார்த்துட்டுப் போடா. அதுலயும் குப்பை ஜாஸ்தியாயிடுச்சாம்,” என்றார் அம்மா.

அண்ணன் அமர்ந்து பார்த்தான். “எல்லாம் டெம்ப் ஃபைலும்மா. அழிச்சிட்டா எடம் வந்துடும்.”

“யாருது அது? யாரைக் கேட்டு அழிக்கிற?”

“யாருதும் இல்லம்மா. கம்ப்யூட்டரே தனக்குன்னு எழுதி வச்சுக்கிட்டது.”

“யாருதும் இல்லாத சாமான் என் வீட்டுக்குள்ள எப்படிடா வந்துச்சு?”

அவன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். “புலவரே, உங்க ஆராய்ச்சி எதுவும் இதுல இல்லியே?”

“இல்ல. அது என் ஃபோல்டர்ல இருக்கு,” என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

திறந்திருந்த நிரல்களை எல்லாம் அவன் மூடினான். இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினான். “இப்ப அதுக்கு எது வேணுமோ அதை மட்டும் கெட்டியா புடிச்சுக்கும், அழிக்க விடாது. விடாததை நாம தொடக் கூடாது,” என்றான். பிறகு எழுத்தும் எண்ணும் குழம்பிய பெயர்கள் திரை திரையாக ஓடின. அனைத்தையும் தேர்ந்தெடுத்துக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினான்.

“தொட்டியையும் காலி பண்ணிடவா?”

“வேணாம்ணா. எல்லாம் ஒழுங்கா தெறக்குதான்னு பார்த்துட்டுப் பண்ணலாம்.”

“தொட்டியில வச்சிருந்தா எடம் எப்படி வரும்? நீ அம்மாவையே மிஞ்சிடுவ போல,” என்று சொல்லிவிட்டுக் கரும்பு வாங்கக் கிளம்பினான்.

தெருவில் யாரோ எரித்த டயரின் புகை இன்னும் அடங்கவில்லை. சன்னலை மூடிவிட்டு அமர்ந்தேன். நாள்தோறும் செய்வதுபோல, அண்மையில் திறந்த கோப்புகளின் வரிசையில் மூன்றாம் இயலைச் சொடுக்கினேன். கோப்பைக் காணவில்லை என்றது இயந்திரம். என் கோப்புறையில் திருத்தத்துக்கு முந்தைய பழைய வரைவு மட்டுமே இருந்தது.

நடந்தது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நெறியாளர் குறிப்புகளுடன் அனுப்பிய கோப்பை நான் என் கோப்புறையில் சேமிக்காமல், மின்னஞ்சலிலிருந்தே திறந்திருக்கிறேன். அப்படித் திறப்பதை இயந்திரம் தற்காலிகக் கோப்புகளோடு போட்டுவைக்கிறது. மறுநாளும் அதன் மறுநாளும் அந்த வரிசையில் அதன் பெயர் இருந்ததால், அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. பண்டிகை வேலைகளுக்கிடையே செய்த திருத்தங்கள் அத்தனையும் அங்கேதான் சேர்ந்திருந்தன.

அழத் தோன்றவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். குப்பைத் தொட்டியைத் திறந்து, உள்ளே கிடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கினேன். மாடியறையில் தங்கியிருந்த யாரோ பார்த்த மலைப்படங்கள் பலவற்றுக்கு மேலே என் இயல் இருந்தது. மீட்டேன். அது மறுபடியும் தற்காலிகக் கோப்புகளுக்கு நடுவிலேயே போய் அமர்ந்தது. அங்கிருந்து அதை என் கோப்புறைக்கு ஒன்றும் ஃப்ளாப்பி நெகிழ்வட்டுக்கு ஒன்றுமாகப் படியெடுத்தேன். இரண்டையும் திறந்து, முந்தைய நாள் எழுதிய கடைசி வாக்கியம் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். இருந்தது.

அண்ணன் கரும்புக் கட்டைக் கூடத்துச் சுவரில் சாய்த்தான். “என்ன புலவரே, எல்லாம் தெறக்குதா?”

“தெறக்குது. இப்பக் காலி பண்ணிடு.”

காலி செய்தான். அன்று சேமித்தபோது மணற்கடிகாரம் தோன்றி உடனே மறைந்தது. மூன்றாம் இயல் முழுமையாக இருந்தது. நெறியாளரின் சிவப்புக் குறிப்புகளும், பதினொன்றாம் பக்கத்துக்குப் பிறகு நான் இன்னும் தொடாத அத்தனை பக்கங்களும் அப்படியே இருந்தன. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.