அத்தை ஆட்டிடம் பேசிய புத்தாண்டு

கனன்று கிடக்கும் தணலில் தண்ணீர் விழுந்தால் ஒரு சத்தம் வருமே, பாதி சீறல், பாதி பெருமூச்சு. டீக்கடைகளில் கேட்டிருக்கிறேன், ரயிலடியில் கேட்டிருக்கிறேன், போன வாரம் என் வீட்டுக் கொல்லையிலேயே கேட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏழு வயதாகிவிடுகிறது. கால் கட்டைவிரல் குளிர்கிறது. கொல்லிமலைப் பனி எங்கிருந்தோ வந்து கதவிடுக்கில் நிற்கிறது.

அன்றைக்கு அந்தத் தண்ணீரை ஊற்றியவர் அப்பா. அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் அணைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் நாங்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தோம். எங்கள் ஊரில் அப்படி ஆனது எங்கள் வீடு ஒன்றுதான். மறுவாரமே ஊர் கூடி, எங்களுக்குத் தீ கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சும் கிடையாது என்று ஊர்க்கட்டுப் போட்டுவிட்டது. மீறிப் பேசுகிறவர்களுக்கும் அதே தண்டனை. தீர்ப்பைச் சொன்ன ஊர்க்கவுண்டர் அந்நியரில்லை, அப்பாவின் அக்காளைக் கட்டியவர், என் மாமா. வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் குறைவாக வலித்திருக்கும்.

கீழ்நாட்டில் வருஷம் பிறக்கிற நடுச்சாமத்தில் கோயிலுக்குப் போவார்களாம். மலையில் அது நடக்காது, கரடிக்குப் புது வருஷம் தெரியாது. ஆகவே மலைச்சபையை நடத்திய உபதேசியார் முந்தின நாள் மத்தியானமே ஆராதனையை வைத்துவிட்டார். கூரைக்கொட்டகையில் பத்துப் பேர். பழையதைப் பழைய வருஷத்தோடு விட்டுவிடுங்கள், உள்ளே எல்லாம் புதிதாகட்டும் என்றார். அவர் சொன்னது மனசை. அப்பா கேட்டுக்கொண்டது வீட்டை. மலைக்காரனுக்கு மனசு என்று தனியாக ஒன்று எங்கே இருந்தது? வீடுதான், வீட்டுக்கு நடுவில் அடுப்புதான்.

எங்கள் பக்கம் அடுப்பு அணைவதே இல்லை. இரவில் பெரிய கட்டையைச் சாம்பலில் புதைத்துவிட்டு, காலையில் ஊதி எழுப்பிக்கொள்வோம். எங்கள் அடுப்பில் இருந்தது, அப்பா தனிக்குடித்தனம் வந்த அன்று பிறந்த வீட்டு அடுப்பிலிருந்து அத்தை பானை ஓட்டில் ஏந்திக்கொண்டு வந்து வைத்த தீ. முன்னோர்களின் சாமிக்குப் படையல் வெந்த தீ. அது புது வருஷத்துக்குள் வரலாமா? அப்பா மறுநாள் காலையில் முழங்காலில் நின்று ஜெபித்தார், குடத்தை எடுத்தார், ஊற்றினார். சாம்பலை வழித்து, சாணம் போட்டு மெழுகி, உபதேசியார் கொடுத்திருந்த தீப்பெட்டியைக் கூரையிலிருந்து உருவினார். முதல் குச்சியின் மருந்து மாவாக உதிர்ந்தது. இரண்டாவதும். பனி பெட்டி முழுவதையும் நமத்துப்போக வைத்திருந்தது.

தம்பி பிறந்து அன்றைக்கு எட்டாம் நாள். அம்மா அவனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“கல்லாச்சும் இருக்குதுங்களா, தட்டறதுக்கு?”

“சிக்கிமுக்கிக் கல்லு அக்கா ஊட்டுல.”

“அப்ப கர்த்தரு நேரா வந்து பத்த வெப்பாருன்னு ஊத்திட்டீங்களாக்கு?”

 அப்பா தன் கம்பளியை அவர்கள்மேல் போட்டுவிட்டு, செம்மேட்டுப் பக்கமிருந்த உபதேசியார் வீட்டுக்கு ஓடினார். இரண்டு மேடு, ஒரு பள்ளம். வெயில் ஏறாமல் திரும்ப முடியாது.

தம்பி அழுதான். அவன் உள்ளங்கால் நாவல் பழ நிறத்துக்கு வந்தது. பிறகு அழுகையை நிறுத்திவிட்டான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. அவன் கன்னத்தைத் தட்டினாள், பாதத்தைத் தேய்த்தாள், கர்த்தரைக் கூப்பிட்டாள். இடையில், பழக்கதோஷத்தில், பழைய சாமியையும் ஒருதரம் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே அத்தையின் குரல் கேட்டது. ஊர்க்கட்டு விழுந்ததிலிருந்து எங்கள் பக்கம் திரும்பாத குரல். எட்டிப் பார்த்தேன். ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அதன் முகத்துக்கு நேரே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி ஆடே, ஒரு ஊட்டுக் கூரையில பொகை வரலீன்னா என்னடி அர்த்தம்? எழவுன்னுதான அர்த்தம்? யாருன்னு சொல்லித் தொலையேண்டி!”

அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தம்பியின் காதில், ஆனால் வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னாள்: “எழவெல்லாம் இல்லீங்க சாமி. உங்கொப்பாரு புது வருசம்னு அடுப்புல தண்ணி ஊத்திட்டாரு. குச்சி நமத்துப் போச்சு. நீ வெறச்சுக் கெடக்கறீன்னு அத்தைகிட்டச் சொல்லு சாமி.”

“கேட்டியாடி? என்ற கூடப்பொறந்தவனுக்குத் தீய அணச்சாப் புதுசாம்! எங்கப்பன் பேரையும் அப்படியே கழுவி உடச் சொல்லு!”

ஆட்டை வேலியில் கட்டிவிட்டு அவள் போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது முந்தானைக்கு அடியில் ஓர் ஓடு. அதில் சாம்பல் போர்த்திய தணல். பாதையில் வைத்தாள்.

“கை நோவுதுடி ஆடே, இங்கயே வெக்கறேன். யாராச்சும் எடுத்துட்டுப் போனா நான் பாக்குல.” முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

எடுத்துவந்தேன். அம்மா தவழ்ந்து வந்து ஊதினாள். தம்பி முதலில் முனகினான், அப்புறம் வீடு அதிர அழுதான்.

எண்ணெய்த் துணியில் சுற்றிய புதுத் தீப்பெட்டியோடு அப்பா வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

“ஏது?”

“கர்த்தரு குடுத்தாருங்க.”

“யாரு கையில?”

அம்மா வேலிப் பக்கம் பார்த்தாள். அப்பாவின் கண் குடத்துக்குப் போயிற்று. அம்மா தம்பியைத் தூக்கி அவர் கைகளில் வைத்தாள்.

“மொதல்ல இவனத் தொட்டுப் பாருங்க. அப்புறம் ஊத்துங்க.”

அப்பா வெகுநேரம் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஒரு விறகை எடுத்து அந்தத் தீயிலேயே வைத்தார். வெளியே போனார். அத்தை ஆட்டுக்கு இலை ஒடிப்பதுபோல அங்கேயே நின்றிருந்தாள். அக்காளும் தம்பியும், நடுவில் வேலி. அப்பாவும் ஆட்டைப் பார்த்தார்.

“ஆடே, உங்க அம்மாகிட்டச் சொல்லு. அவ வெச்ச தீயத்தான் அணச்சுப் போட்டேன். தப்புதான்.”

“தப்பு ஒப்பெல்லாம் அவனோட புதுச் சாமி பாத்துக்குமாம். நீ எலையத் தின்னுடி.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

புதிதாவதைப் பற்றி அதன்பின் எத்தனையோ ஆராதனைகளில் கேட்டாயிற்று. வருஷம் பிறக்கும்போதெல்லாம் நானும் எதையாவது அணைத்துவிட்டு எதையாவது பற்றவைக்கத் தவிக்கிற ஆள்தான். ஆனால் ஜெபிக்கக் கண்ணை மூடினால் வருவது அந்த ஓடும் தணலும்தான். என் அப்பா கிறிஸ்துவை விசுவாசிக்கத் தொடங்கியது மழைக்காலத்தில் அல்ல, அன்று அந்த விறகை வைத்தபோதுதான் என்று எனக்குப் படுகிறது. அவரிடம் இதைச் சொன்னதில்லை.

வேறொன்றையும் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள், ஓடையில் மேலே குளித்துக்கொண்டிருந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து நான் கூவினேன்: “எங்க அத்தை எங்கிட்டப் பேசிருச்சே!” அவ்வளவு பெருமை எனக்கு. பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். மாமா தாம் போட்ட ஊர்க்கட்டைத் தம் வீட்டுக்காக அவிழ்க்கவில்லை. அடுத்த மழை வரைக்கும் அத்தை மாட்டுக்கொட்டகையில் தனி அடுப்பு வைத்து, பேச ஆளில்லாமல் களி கிண்டித் தின்றாளாம். மாசிக்குள் நாங்கள் உபதேசியார் வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டோம். அத்தையை மறுபடி நான் பார்க்கவே இல்லை. கொட்டகைச் சங்கதியை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு.

அன்று கடைசியாகச் சொன்னதையும் அத்தை ஆட்டிடமே சொல்லியிருக்கலாம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பத்தடி போனவள் நின்று திரும்பினாள். ஆட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தை, என் முகத்தை மட்டுமே பார்த்துச் சொன்னாள்:

“கண்ணு, தம்பிக்குத் தலைல துணி கட்டச் சொல்லு. காத்து ஏறுது. நான் வாரேன்.”