அம்மாளாச்சி தொடவிடாத கணினி

அம்மாளாச்சியின் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் நீங்கள் நோய் மாறிய கதை சொல்வீர்கள், கடன் தீர்ந்த கதை சொல்வீர்கள். நான் வீட்டிலிருந்து எழுதி அனுப்புவது ஒரு கணினி செத்து உயிர்த்த கதை. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். ஆனால் போன வருட நவராத்திரியில் நான் அழுத அழுகை எனக்கும் அம்மாளாச்சிக்கும்தான் தெரியும்.

நான் வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியை. என் மகள் யாழினி கம்பசில் விவசாயம் படித்து, கடைசி வருடத்தில் இருந்தாள். நெல்லில் வரும் நோயை இலையின் படத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்காகச் சிறுபோகம் முழுவதும் வீட்டில் நின்றாள். விடிந்தால் சைக்கிளில் தர்மபுரம் வரைக்கும் போவாள். மஞ்சளித்த இலை, புள்ளி விழுந்த இலை, நுனி கருகிய இலை எல்லாவற்றையும் கைபேசியில் பிடித்து வந்து கணினியில் ஏற்றுவாள். கைபேசியில் இடமில்லை என்று அங்கே அழித்துவிடுவாள். ஆகவே அவளுடைய உழைப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அந்தக் கணினி ஒரே வளவுக்குள் இரண்டு வீடு இருக்கிற மாதிரி. போட்டவுடன், "விண்டோசுக்குப் போகவோ, லினக்சுக்குப் போகவோ?" என்று கேட்கும். விண்டோஸ் என்னுடைய பக்கம். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து அச்செடுப்பேன். லினக்ஸ் அவளுடைய பக்கம். அங்கே நான் எட்டியும் பார்ப்பதில்லை.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் யாழினி கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். எனக்குச் சுத்தம் செய்யத் தொடங்கினால் நிற்பாட்டத் தெரியாது. ஒட்டடை அடித்தேன், யன்னல் துடைத்தேன், அலுமாரியை இழுத்துப் பின்னால் கூட்டினேன். பூசைக்குப் புத்தகங்களோடு கணினியையும் கும்பத்தடியில் வைக்க வேண்டுமே! வெளியே துடைத்தாயிற்று, உள்ளே? கைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டு, அந்த ஆள் சொல்லச் சொல்லச் செய்தேன். என் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு பெரிய பகுதி தெரிந்தது. பெயரில்லை, ஒன்றுமில்லை. சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற குப்பை என்று நினைத்தேன். "அழிக்கட்டுமா?" என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். "உண்மையாகவா?" என்று மறுபடியும் கேட்டது. ஓம் எண்டுறன், பிறகென்ன கேள்வி என்று அதையும் அழுத்தினேன். காலியான இடத்தைப் புதிதாக்குவதுதான் அடுத்த வேலை என்று வீடியோக்காரர் சொல்லிக்கொண்டிருக்கையில், குசினியில் கடலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கணினியை நிற்பாட்டிவிட்டு ஓடினேன்.

பின்னேரம் யாழினி வந்து கணினியைப் போட்டாள். கறுப்புத் திரை. மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவள் பக்கமும் போகவில்லை, என் பக்கமும் போகவில்லை.

"அம்மா, இதில என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. பேரில்லாமல் ஒரு குப்பை கிடந்தது. அதை அழிச்சனான்."

அவள் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். நான் குப்பை என்று அழித்தது அவளுடைய வீட்டை. வளவு வாசற்படலையைத் திறக்கிற திறப்பும் அந்த வீட்டுக்குள்தான் இருந்ததாம், அதனால்தான் என் பக்கமும் திறக்கவில்லை.

"என்ர படங்கள் அம்மா," என்றாள். "வயலெல்லாம் வெட்டியாச்சு. இனி இலைக்கு நான் எங்க போவன்?"

வயலில் வெட்டுக்கட்டைதான் நின்றது. மாரிப் பயிர் வளர்ந்து இலை தெரிவதற்குள் அவள் ஆய்வை ஒப்படைக்க வேண்டிய நாள் போய்விடும். பெற்ற தாயே பிள்ளையின் படிப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டேனே என்று அழுதேன். அந்தப் பெட்டியைத் தூக்கிக் கும்பத்தடியில் வைத்து, சந்தனப்பொட்டு வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்து விழுந்து கும்பிட்டேன். "என்ர அம்மாளாச்சி! படிப்புக்குத் தாய் நீதானே. நான் தெரியாமல் அழிச்சுப்போட்டன். எனக்கு வழி தெரியேல்லை. நீயே பார்."

யாழினி எரிந்து விழுந்தாள். "பொட்டு வைச்சால் கொம்பியூட்டர் வேலை செய்யுமோ?"

அடுத்த நாள், பூசையன்று, கணினி திருத்துகிற ரூபன் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். யாழினிதான் கூப்பிட்டிருக்கிறாள். போனது போனதுதான், உங்கள் பக்கமாவது வேலை செய்யட்டும் என்றாள்.

"முழுக்கத் துடைச்சுப்போட்டுப் புதுசா விண்டோஸ் ஏத்தித் தாறன் அக்கா. பெட்டியை எடுங்கோ," என்றார் ரூபன்.

எனக்கும் ஆசைதான், முன்பள்ளி வேலை குவிந்து கிடந்தது. ஆனால் பெட்டி கும்பத்தடியில் அல்லவா இருந்தது. "பூசைக்கு வைச்சதை விஜயதசமிக்கு முதல் எடுக்கேலாது தம்பி. கடலை தாறன், சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றேன்.

"அம்மா, இது கொப்பி புத்தகமே?" என்று யாழினி கத்தினாள். நானும் விடவில்லை. "வைச்சது வைச்சதுதான். ஆரும் தொடப்படாது." என் கணவர் வழக்கம்போல எந்தப் பக்கமும் சேராமல் ரூபனோடு இருந்து கடலை சாப்பிட்டார். நான் பூசை முடியும் வரை கும்பத்தடியை விட்டு எழும்பவில்லை.

விஜயதசமி காலை, செட்டிகுளத்திலிருந்து யாழினியின் சிநேகிதி அகிலா கைபேசியில் அழைத்தாள். கணினிதான் அவளுடைய படிப்பு. யாழினி அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னாள். அகிலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அதுக்கு மேல ஏதும் புதுசா ஏத்தினனியோ?"

"இல்லை. அம்மா தொடவிடேல்லை."

"அப்ப தப்பிச்சாய்! உங்கட அம்மா வீட்டு இலக்கத்தைத்தான் கழட்டியிருக்கிறா. வீடு உள்ள அப்படியே இருக்கும். மேல வேற வீடு கட்டியிருந்தால்தான் முடிஞ்சுது கதை."

யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கும்பத்தைப் பார்த்தேன்.

கும்பம் எடுத்த பிறகு ரூபன் தம்பியே தன் மடிக்கணினியோடு வந்தார். அகிலா சொன்னபடி ஒரு பென் டிரைவில் லினக்சை ஏற்றித் தந்தார். அதை வைத்து யாழினி பெட்டியை எழுப்பி, தொலைந்த பகுதியைத் தேட விட்டாள். ஒரு கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. நான் பக்கத்தில் நின்று தேவாரம் படித்தேன். திடீரென்று அவளுடைய பகுதியின் பெயர் திரையில் வந்தது. இலக்கத்தைத் திரும்ப எழுதச் சொல்லிவிட்டு, பென் டிரைவைக் கழற்றி, மறுபடி போட்டாள். "விண்டோசுக்கோ, லினக்சுக்கோ?" என்று கணினி கேட்டது. அந்தக் கேள்வி என் காதில் தேனாக விழுந்தது!

முதலில் திறந்த படத்தில், மஞ்சளித்த ஒரு இலையும் அதைப் பிடித்திருந்த என் பிள்ளையின் பெருவிரலும் தெரிந்தன. "அம்மா!" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ரூபன் தம்பி தலையைச் சொறிந்தார். "நேற்று நான் கை வைச்சிருந்தால், அக்கா..." என்றார்.

நான் கும்பிட முதலே கடலையைப் பொங்க வைத்து, அந்த இடத்தைப் புதிதாக்க விடாமல் என்னை எழுப்பியவள் அம்மாளாச்சி. கும்பிட்ட பிறகு ஒருவரையும் தொடவிடாமல் பெட்டிக்கு முன்னால் இருந்தவளும் அவள்தான். யாழினி குறித்த நாளில் ஆய்வை ஒப்படைத்தாள், பட்டமும் எடுத்தாள். நானும் மாறிவிட்டேன். "உண்மையாகவா?" என்று கணினி கேட்டால் இப்போது மகளைக் கூப்பிடுகிறேன். உங்களுக்கும் ஏதாவது கைமீறிப் போனால் அம்மாளாச்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அவள் பார்ப்பாள்.

இம்முறை கும்பத்தடிக்குப் பெட்டியைத் தூக்கி வந்தவள் யாழினி. தானே பொட்டு வைத்தாள். பக்கத்தில் கையடக்கமான இன்னொரு சின்னப் பெட்டியையும் வைத்தாள்.

"இதென்ன பிள்ளை?"

"எல்லாத்தையும் இதிலயும் ஒருக்கா பதிஞ்சு வைச்சிருக்கிறன் அம்மா. அம்மாளாச்சி ஒருக்கால் காப்பாத்தினவா. வருசா வருசம் உங்களால அவாவுக்கு வேலை வைக்கேலாது."

சிரித்துக்கொண்டே குசினிக்குப் போனேன். நாளைக்குப் பூசை, எல்லோரும் வாருங்கள். கடலை அவிகிறது.