மாமா வேண்டிக்கொண்ட மொட்டை

என் தாய்மாமாவுக்கு எதையும் யோசித்துச் செய்கிற பழக்கம் கிடையாது. அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே, அல்சூரில் எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, அக்கா பிழைத்தால் அக்காவுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டுவிட்டார். இடுப்பைத் தொடும் அம்மாவின் கூந்தலை நினைத்துத் தாராளமாக வேண்டியிருக்கிறார். ஊசி மருந்து ஏற ஆரம்பித்ததும் அது மொத்தமும் அம்மனைக் கேட்காமலே உதிர்ந்துபோனது.

பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வோம். அதுவும் முடிந்தபோது அம்மாவின் தலையில் நகம் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் அதைத் தடவிக்கொண்டிருப்பாள். நான் உற்றுப் பார்த்தால், கண் பட்டுவிடும் போடி என்று விரட்டுவாள்.

அப்பா வாசலில் ஷாமியானா போட்டு, உறவுக்கெல்லாம் பிரியாணி என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. அடுத்த செக்கப்பில் பார்க்கலாம் என்றுதானே டாக்டரே சொல்லியிருக்கிறார், அதற்குள் என்ன கொண்டாட்டம் என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாததற்கு, விருந்தன்று காலையில் மாமா வேண்டுதலைக் கிளப்பினார்.

அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "ஒரு தடவை மொத்தமா குடுத்துட்டேன்டா. இதைத் தரமாட்டேன்."

"சாமி குத்தம் ஆயிடும்க்கா. மறுபடியும் வந்துட்டா?"

அதுவரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது. அம்மா அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமாவுக்குத் தன் முடிதான் பெரிய சொத்து. சிவாஜிநகர் சலூனில் ஸ்டெப் கட்டிங், சட்டைப்பையில் எப்போதும் சீப்பு. பந்தி ஆரம்பித்த நேரத்தில் சந்தனம் பூசிய மொட்டையோடு வந்து நின்றார்.

பொம்மனஹள்ளியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட பெரியப்பாவுக்கு, எங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருந்தது என்ற வரைக்கும்தான் தெரியும். மொட்டையைப் பார்த்ததும் நேராகப் போய் மாமாவின் மடியில் சாத்துக்குடிப் பையை வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு தம்பி. மனசைப் பேஜார் பண்ணிக்காதே," என்றார்.

மாமா விளக்கப் பார்த்தார். பேசினால் களைப்பு வரும் என்று பெரியப்பா தடுத்துவிட்டார். காரம் ஆகாது என்று பிரியாணியை எடுக்கச் சொல்லி, தயிர்சோறு வைக்கச் சொன்னார். முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் அம்மா சிரித்தாள். "நல்லா சாப்பிடுடா, உடம்பு தேறணும்," என்று இன்னொரு கரண்டி தயிர்சோறு வைத்தாள்.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு முறை செக்கப்புக்குப் போகும் முன்பும் மாமா மொட்டையோடு வந்து நின்றார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். அவளே சந்தனம் அரைத்து அவர் தலையில் பூசிவிடுவாள். ஓயாமல் சண்டை போடும் அக்காவும் தம்பியும் அந்த நேரத்தில் மட்டும் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.