மோட்டார் போடுவதற்கு முன்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கம்பெனிக் கழிவு கலந்த ஓடை போகிறது. அதிலிருந்து நாற்பதடி தள்ளி எங்கள் உறைகிணறு. தினமும் காலை ஆறு மணிக்கு, மோட்டார் போடுவதற்கு முன், ஒரு வாளி தண்ணீர் இறைத்து, உப்பை மீட்டரில் அளந்து டைரியில் எழுதுவேன். நான்கு வருடங்களாக ஒரு நாளும் தவறியதில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி எங்கள் குழாயில்தான் குடிதண்ணீர் பிடிப்பாள். கணவருக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்கியதும் குடத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணா, தண்ணி கரிக்குது. இத அவருக்குக் குடுக்கலாமா?"

டைரியைக் காட்டினேன். "நம்பர் மாறவே இல்லம்மா. பயப்படாம குடு."

"நோட்டு நல்லாத்தான் கீது. என் நாக்குதான் பொய் சொல்லுது போல" என்று சிரித்தபடி போனாள்.

சில மாதம் கழித்து, காய்ச்சலால் ஒரு நாள் தாமதமாக எழுந்தேன். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அளந்தேன். உப்பு மூன்று மடங்கு இருந்தது. மோட்டார் இழுக்க இழுக்க, ஓடைத் தண்ணீர் மணல் வழியாகக் கிணற்றுக்குள் வருகிறது. இரவில் வயல் பக்கத்து ஊற்று அதைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. நான் அளந்தது விடியற்காலைத் தண்ணீரை. செல்வி பிடித்தது மோட்டார் ஓடும்போது வந்த தண்ணீரை.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இப்ப சொல்லி இன்னா பண்றது அண்ணா? வாரத்துக்கு ரெண்டு வாட்டி டயாலிசிஸுக்குப் போய்க்கினு கீறோம்."

தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்போதே கேன் தண்ணீர்தான் குடித்தோம். அவள் கேட்ட அன்று, அந்தக் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.