மூணாங்கண்ணுக்கு அர்த்தம்

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஷம்சாத்தின் கால் தையல் மெஷின் மிதியை விட்டு எழுந்துவிடுகிறது. வாயில் குண்டூசி இருந்தால் உதட்டால் இறுக்கிக்கொள்கிறாள். சத்தம் கடைத்தெருவைத் தாண்டி ரயில்வே கேட் பக்கம் தேய்ந்துபோன பிறகுதான் மூச்சு விடுகிறாள். அதற்குள் ஜாக்கெட் கையில் ஓடிக்கொண்டிருந்த தையல் கோணிப்போயிருக்கும். பிரித்து மறுபடி அடிக்கிறாள். போலீஸ் வருகிற புல்லட் சத்தமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எழுந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். கொல்லைப்பக்கமாக ஓடி எங்கே போவது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, பஸ் நின்று போகிற சின்னக் கடைத்தெருவில் வீட்டின் முன்னறையே அவளுடைய தையல் கடை. கணவர் முகம்மது யூசுப் சார்ஜாவில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறார். மகள் கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஷம்சாத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. தலையில் முக்காடு, கழுத்தில் இஞ்ச் டேப், முக்காட்டுக்குள்ளே காதில் இயர்போன். பார்க்கிறவர்கள் ஏதோ பயான், மார்க்கப் பேச்சு, கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் மறுத்ததில்லை. கேட்பதென்னவோ ராக் பாட்டு.

'வண்டல்' என்று ஒரு கூட்டம். முகத்தைக் காட்டமாட்டார்கள், வீடியோவில் சேற்றுக் கால்கள்தான் தெரியும். கிட்டார் அலறும், டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும், நடுவில் பறை புகுந்துகொள்ளும். பாடுகிறவனுடைய சொல் லேசில் பிடிபடாது, பிடிபட்டாலும் புரியாது. புரியாததுதான் ஷம்சாத்துக்குப் பிடித்தது. முக்கால் வேகத்தில் வைத்து ஒரு வரி கேட்பாள், நிறுத்துவாள், கொஞ்சம் தைப்பாள், மறுபடி அதே வரி. "பாட்டக் கேட்டா மட்டும் போதாது, தையலப் பிரிச்சுப் பாக்கணும். எங்க மடிச்சிருக்கான், எங்க முடிச்சுப் போட்டிருக்கான்னு அப்பதான் தெரியும்" என்பாள். யாரிடம் என்றால், கொடியில் தொங்குகிற ஜாக்கெட்டுகளிடம்தான்.

கேட்க ஆட்கள் யூடியூப்பில் இருந்தார்கள். 'நீர்முள்ளி' என்ற பெயரில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அர்த்தம் எழுதுவாள். வாய்க்கால் ஓரத்தில் மண்டுகிற முள்செடியின் பெயர் அது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பையன்கள், "முள்ளி அண்ணே, இதுக்கு நீங்கதான் சொல்லணும்" என்று வந்து நிற்பார்கள். அவளை ஆம்பிளையாகவே முடிவுகட்டிவிட்டார்கள். ஒருத்தன் பெரிய மீசை வைத்துப் படமே வரைந்து போட்டான். இன்னொருவர் 'வணங்குகிறேன் ஐயா' என்று எழுதினார். ஐயாவாம்! அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. கணவருக்குக்கூட அதைச் சொல்லவில்லை. ரகசியமாக ஒரு பெருமையை வைத்துக்கொள்வதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

கஜா புயல் போன மறுவருஷம், ஆற்றில் தண்ணீர் வந்த சமயத்தில், 'மூணாங்கண்ணு' வெளிவந்தது.

மூணாங் கண்ணுல தண்ணி வருது,
மூடி வச்சவன் முழிச்சிருக்கான்.
தலையில்லாத ஊருக்குள்ள
தாகத்துக்கு யாரு வழி?

பட்டணத்துப் பையன்கள் நெற்றிக்கண் என்றார்கள். இல்லை, சிசிடிவி கேமரா என்றான் ஒருத்தன். இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். ஷம்சாத் குண்டூசியைக் கடித்தபடி சிரித்தாள். ஊருக்கு வெளியே ஐந்து கண் மதகு இருக்கிறது. மதகில் தண்ணீர் போகிற வழியைக் கண் என்றுதான் இங்கே குழந்தைகூடச் சொல்லும். மதகுக்குக் கீழே, நட்ட வயலுக்குள் பொக்லைனை இறக்கி, எண்ணெய்க் கம்பெனி ஒன்று குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தது. அதை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் மேல் வழக்கு. நோட்டீஸ் கொடுத்தாலே குண்டாஸில் போடுகிறார்கள் என்று பேச்சு. எந்தக் கழகம் ஆண்டால் என்ன, வருகிற ஜீப் ஒன்றுதான் என்று டீக்கடையில் சொல்வார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். மதகு, பள்ளம், மூடி வைத்தவன். அவளுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு அம்சம் சொன்னது ஞாபகம் வந்தது. அம்சம் நடவு வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் வீரையன் லஸ்கர், அதாவது மதகுப் பலகைகளை ஏற்றி இறக்குகிற அரசாங்க ஆள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோது அம்சம் அலுத்துக்கொண்டிருந்தாள்:

"அந்த மூணாங்கண்ணுப் பலவ சரியா எறங்க மாட்டேங்குதுக்கா. சாவி போட்டுத் திருவவே வேணாம், அடியில ஒரு கடப்பாறைய குடுத்து நெம்புனா எந்திரிச்சுக்கும். மேல சொல்லிச் சொல்லி இவுருக்கு வாயி ஓஞ்சுபோச்சு. ஒருத்தன் வந்து பாக்கல."

அதை ஷம்சாத் அழகுபடுத்தி எழுதினாள்: 'எங்கள் மதகின் மூன்றாம் கண்ணில் பலகை பழுது. அது ஒரு கடப்பாறைக்காகக் காத்திருக்கிறது. மூடி வைத்தவன் விழித்திருக்கட்டும், தண்ணீருக்குத் தன் வழி தெரியும்.' எழுதி முடித்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. லைக் கொட்டியது.

யாரோ நெம்பிவிட்டார்கள். விடிந்து பார்த்தால் பள்ளம் முழுக்கத் தண்ணீர். குழாய்கள் சேற்றில் புதைந்து கிடந்தன. போலீஸ் அந்த எழுத்தைப் படித்திருந்தது. பலகை பழுது என்று தெரிந்த ஆள் வீரையன்தானே? அப்படியானால் நீர்முள்ளி அவனேதான். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள்.

அம்சம்தான் ஓடி வந்து சொன்னாள். அன்றைக்கும் ஷம்சாத்தின் வாயில் குண்டூசி இருந்தது.

"நீர்முள்ளி யாருடா, நீர்முள்ளி யாருடான்னு கேக்குறாங்களாம்க்கா. இவுருக்கு என்னா தெரியும், பட்டன் போனு வச்சிருக்க ஆளு. கரையில மண்டிக் கெடக்குற செடியத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டு, 'நாளைக்கே வெட்டிப்புடறேங்கய்யா'ன்னு சொல்லியிருக்காரு. நக்கலா பண்றேன்னு அதுக்கும் சேத்து அடிச்சிருக்காங்க."

ஷம்சாத் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிப் பஞ்சில் குத்தினாள். ஒன்று விரலில் ஏறியது.

"யாருக்கா அந்த முள்ளி? எம்புருசன் தலையில பழியப் போட்டுட்டு எங்கக்கா ஒளிஞ்சிருக்கான்?" என்றாள் அம்சம்.

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள் ஷம்சாத்.

அம்சம் போன பிறகு கணவருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். சார்ஜாவில் மாவு மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"நீ வாயத் தொறக்காத, ஷம்சாத்."

"அந்த மனுசன அடிக்கிறாங்க, என்னங்க."

"அவன நாளைக்கே விட்ருவாங்க. உன் பேரு தெரிஞ்சா அது மதகு கேஸா இருக்காது, புரியுதா? நம்ம பேரப் பாத்தாங்கன்னா வேற கேஸு ஆயிரும். பொட்டப்புள்ள படிச்சுக்கிட்டிருக்கு. நான் ஊருக்குத் திரும்பி வரணும். எல்லாத்தையும் அழிச்சுட்டுக் கம்முனு இரு."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. எழுதியதை அழித்தாள். ஆனால் அதைப் படம் பிடித்துப் பல பேர் அதற்குள் ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். அவள் வாட்ஸப்புக்கே அது திரும்பி வந்தது.

இதற்கிடையில் 'நீர்முள்ளி'க்கு ஒரு குரல் செய்தி வந்தது. ஓர் இளம்பெண்ணின் குரல்.

"அண்ணே, எம்பேரு வேம்பு. பேராவூரணிப் பக்கம். வண்டலுக்குப் பாட்டெழுதுறது நான்தான். நீங்க எழுதுனதப் பாத்தேன். அது மதகு இல்லண்ணே. தேங்கா. தேங்காய்க்கு மூணு கண்ணு இருக்குமுல்ல? ரெண்டு குருடு, மூணாவதத் தொறந்தாத்தான் தண்ணி வரும். கஜால எங்க தோப்பு மொத்தமும் தலை முறிஞ்சு கெடந்துச்சு. எங்கப்பா ஒரு தேங்கா மூடியக் கையில வச்சுக்கிட்டு தூங்காம ஒக்காந்திருந்தாரு. அதத்தான் எழுதுனேன். இப்ப எங்களையும் தேடுறாங்களாம். பயமா இருக்குண்ணே."

ஷம்சாத் அடுப்படிக்குப் போய்க் கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து நாரை விலக்கிப் பார்த்தாள். மூன்று கண். வாழ்நாளெல்லாம் தேங்காய் உடைத்தவள்தான். ஆனால் நெல்லும் வாய்க்காலுமாக வளர்ந்தவளுக்குக் கண் என்றால் மதகுதான்; தென்னந்தோப்பில் வளர்ந்த பெண்ணுக்குக் கண் என்றால் தேங்காய்தான். நடுவில் இரண்டு மணி நேர பஸ் தூரம். அந்த தூரத்துக்கு வீரையன் அடி வாங்குகிறான். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவமானமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

நீர்முள்ளியாக மறுபடி எழுதினாள்: 'நான் சொன்னது தப்பு. மதகு இல்லை. அது தேங்காய்தான். யாரும் எதையும் நம்ப வேண்டாம்.' அலங்காரம் ஒன்றுமில்லாமல், வெள்ளையாக எழுதினாள். அவள் எழுதியதிலேயே உண்மையானது அதுதான்.

அதற்கும் அர்த்தம் சொல்லிவிட்டார்கள். 'புரியுது தலைவா, மிரட்டிட்டாங்க' என்றான் ஒருவன். 'தேங்காய்னா தேங்கி நிக்கிற தண்ணி. அடுத்த மதகச் சொல்றாரு' என்றான் இன்னொருவன். 'சிதறுகாய் விடுறதப் பத்தி அண்ணன் சொல்லிட்டாரு. எங்கே, என்னிக்குன்னு கண்டுபிடிங்க' என்று மூன்றாவது ஆள். மீசைப் படத்தின் கையில் இப்போது ஒரு தேங்காய் முளைத்திருந்தது. அத்தனையும் அவள் கற்றுக்கொடுத்த வித்தை. தையலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தையலே இல்லாத துணியையும் பிரிக்கிறார்கள்.

மறுநாள் காலை அம்சம் வந்தபோது அழவில்லை. அழுகை வற்றிய முகம் அது.

"உன் கூட்டாளி வெளியிலேந்து எழுதுறான், தேங்காய எங்க ஒடைக்கப் போறீங்கன்னு கேட்டு அடிக்கிறாங்களாம்க்கா. என்னா பேச்சுன்னே வெளங்கல. குண்டாஸு போட்டா ஒரு வருசம் வெளிய வர முடியாதாம். எனக்கு அதிகாரிகிட்ட பேசத் தெரியாது. நீங்க தொணைக்கு மட்டும் வாங்கக்கா."

ஷம்சாத் மகளை நினைத்தாள். விடுதி வாசலில் ஒரு ஜீப் நிற்பதை நினைத்தாள். "இரு, முக்காடு மாத்திக்கிட்டு வரேன்" என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. அம்சம் கூப்பிடவும் இல்லை, போகவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்தே இருந்தாள்.

பஸ்ஸில் அம்சம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனில் உள்சுவர் ஓரமாக வீரையன் தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஷம்சாத்தைப் பார்த்ததும், மரியாதைக்காக எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் கூப்பினான். தன் மனைவிக்குத் துணையாக வந்த நல்ல மனுஷிக்கு அவன் வைத்த கும்பிடு அது.

"நீ யாரும்மா?" என்றார் எஸ்.ஐ.

"எங்க டைலரக்காங்க. தொணைக்கு வந்தாங்க" என்று அம்சமே சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். அதோடு அவள் பேசாமல் நின்றிருந்தால் போதும், பொழுதோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

"நீர்முள்ளி நான்தாங்க" என்றாள் ஷம்சாத். "நான் சொன்ன அர்த்தம் தப்புங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

எஸ்.ஐ. ஏற இறங்கப் பார்த்தார். முக்காட்டை, இஞ்ச் டேப்பை. பதற்றத்தில் அதைக் கழற்றாமலே வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்துவிட்டார்.

"இப்பிடி வந்து சொன்னா விட்ருவோம்னு யாரும்மா சொல்லிக் குடுத்தா? ராக் பாட்டாம், அதுக்கு நீ அர்த்தம் எழுதினியாம். வீட்டுக்குப் போம்மா. ஏன் வம்ப வெலைக்கு வாங்குற?"

அம்சத்தின் பிடி தளர்ந்தது. அவள் ஷம்சாத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசல் திறந்துதான் இருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஷம்சாத் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுவர் பக்கம் போனாள். சேலையைக் காலோடு ஒதுக்கிக்கொண்டு, வீரையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.